மூன்று கையிலும் தடுப்பு இருந்தது, ஆட்டம் போனது: ஒரு கமாண்டர் மேசையின் நிகழ்வு ஆய்வு

மூன்று பேர் கையிலும் எதிராளியை நிறுத்தக்கூடிய கார்டு இருந்தது. அதை ஆடத் தேவையான மேனாவும், அதாவது கார்டை ஆடச் செலவழிக்கும் சக்தியும், திறந்தே இருந்தது. இருந்தும் நாலாவது ஆள் ஜெயித்துவிட்டார், அதுவும் அந்த மூன்று பேரும் சிரித்துக்கொண்டே "ஆகட்டும்" என்று வழிவிட்டு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் சனிக்கிழமை இரவுகளில் மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை, கமாண்டர் என்ற நாலு பேர் ஆட்டமாக, ஆடும் எங்கள் கூட்டத்தில் நடந்தது இது. நான் பக்கத்து மேசையில் இருந்தேன். தகராறு வந்தால் விதி சொல்லும் வேலை என்னுடையது என்பதால், ஆட்டம் முடிந்ததும் நால்வரும் கார்டுகளோடு என்னிடம் வந்தார்கள். எழுது என்றார்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

உட்கார்ந்திருந்த வரிசையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிரையாரிட்டி, அதாவது அடுத்து எதையாவது ஆடும் உரிமை, அந்த வரிசையில்தான் சுற்றும்; ஆடாமல் விட்டால் அது பாஸ். டர்ன் அண்ணனுடையது. நீலமும் கறுப்பும் கலந்த டெக் (கார்டுக் கட்டு). அவருக்கு இடப்பக்கம் வாத்தியார்; தமிழ்ப்பள்ளி ஆசிரியர், 90-களில் ஆடிவிட்டு நெடுங்காலம் கார்டைத் தொடாமல் இருந்து, கமாண்டருக்காகத் திரும்பி வந்தவர். அவருக்கு அடுத்து அக்கா. கடைசியில் தம்பி, கல்லூரி மாணவன், சிவப்பு டெக்.

கைகளில் இருந்தவை, பிறகு விரித்துப் பார்த்தபடி: வாத்தியாரிடம் நெகேட். இரண்டு மேனா, கிரீச்சர் (உயிரினக் கார்டு) அல்லாத எந்த ஸ்பெல்லையும், அதாவது ஆடிவிட்டு இன்னும் பலிக்காத கார்டையும், கவுன்டர் செய்யும், பலிக்காமல் ரத்து செய்யும். அக்காவிடம் ஸ்வான் சாங். ஒரே நீல மேனா; இன்ஸ்டன்ட், சோர்சரி, என்சான்ட்மென்ட் என்ற மூன்று ஸ்பெல் வகைகளையும் கவுன்டர் செய்யும், இழந்தவருக்கு ஆறுதலாக 2/2 பலமுள்ள பறவைக் கிரீச்சர் ஒன்று போய்ச் சேரும். தம்பியிடம் ரெட் எலிமென்டல் பிளாஸ்ட். ஒரு சிவப்பு மேனாவுக்கு ஒரு நீல ஸ்பெல்லைக் கவுன்டர் செய்யலாம், அல்லது ஒரு நீலப் பெர்மனன்ட்டை (களத்தில் தங்கியிருக்கும் கார்டை) அழிக்கலாம். அண்ணனிடம் தாசாஸ் ஒராக்கிள், டெமானிக் கன்சல்டேஷன், காவலுக்கு ஃபோர்ஸ் ஆஃப் வில். ஃபோர்ஸுக்கு மேனாவே வேண்டாம்; ஒரு உயிர்ப்புள்ளியும் கையிலிருந்து இன்னொரு நீலக் கார்டும் கொடுத்தால் போதும். அந்த நீலக் கார்டும் அவர் கையில் இருந்தது.

அண்ணனின் இரண்டு கார்டும் சேர்ந்தால் ஆட்டம் முடியும் என்பது கமாண்டர் ஆடுபவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். ஒராக்கிள் 2020-இல் வந்த சின்ன நீலக் கிரீச்சர். களத்துக்கு வந்ததும் ஒரு டிரிகர், அதாவது தானாகக் கிளம்பும் விளைவு: உன் பெர்மனன்ட்டுகளின் மேனா விலையில் எத்தனை நீலக் குறி இருக்கிறதோ, அந்த எண்ணிக்கை உன் லைப்ரரியில் (இன்னும் எடுக்காத கார்டுக் கட்டில்) மிச்சமிருக்கும் கார்டு எண்ணிக்கைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் நீ ஜெயித்தாய். ஒராக்கிளிலேயே இரண்டு நீலக் குறி உண்டு. கன்சல்டேஷன் 1995-இல் ஐஸ் ஏஜ் தொகுப்பில் வந்த பழைய கார்டு: ஒரு கார்டின் பெயரைச் சொல், மேலிருந்து ஆறு கார்டை எக்ஸைல் செய் (ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கு), பிறகு சொன்ன கார்டு வரும்வரை புரட்டிக்கொண்டே போ, வழியில் வந்ததெல்லாம் எக்ஸைல். டெக்கிலேயே இல்லாத கார்டின் பெயரைச் சொன்னால் லைப்ரரி மொத்தமும் காலி.

சரி, நடந்தது இதுதான். அண்ணன் ஒராக்கிளை ஆடினார். வாத்தியார் பாஸ். அக்கா பாஸ். இருவர் கார்டும் கிரீச்சர் ஸ்பெல்லைத் தொடாது. தம்பி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனும் பாஸ். ஒராக்கிள் களத்துக்கு வந்தது, டிரிகர் ஸ்டாக்கில், அதாவது பலிக்கக் காத்திருக்கும் அடுக்கில், ஏறியது; அந்த அடுக்கில் மேலே இருப்பதுதான் முதலில் ரிசால்வ் ஆகும், அதாவது பலிக்கும். "டிரிகர் ஸ்டாக்ல இருக்கு, அதுக்கு மேல கன்சல்டேஷன்," என்று அண்ணன் தெளிவாகச் சொல்லி ஒரு கறுப்பு மேனா கட்டினார்.

வாத்தியார் அக்காவிடம் திறந்திருந்த ஐலண்டை (நீல மேனா தரும் லேண்ட் கார்டை) பார்த்தார். பாஸ்.

"எந்தக் கார்டுண்ணே தேடப் போறீங்க? அதச் சொல்லுங்க, அப்புறம் நான் யோசிக்கிறேன்," என்றார் அக்கா.

"அத ரிசால்வ் ஆகும்போதுதாம்மா சொல்லணும்."

"அப்ப ஓகே லா."

தம்பி மட்டும் விழித்துக்கொண்டான். "ஒரு நிமிஷம்ணே. பிளாஸ்ட். ஒராக்கிள அழிக்கிறேன்." மேசையில் கைதட்டல். அண்ணன் ஒன்றும் செய்யவில்லை. பிளாஸ்ட் ரிசால்வ் ஆனது, ஒராக்கிள் கிரேவ்யார்டுக்கு (செத்த கார்டுகளின் குவியலுக்கு) போனது. "கன்சல்டேஷன் இன்னும் இருக்கு. ரிசால்வ் ஆகட்டுமா?" என்று கேட்டார் அண்ணன். ஒராக்கிள் இல்லாமல் லைப்ரரியைக் காலி செய்துகொள்ளப் போகிறார், தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறார் என்று மூவருக்கும் சிரிப்பு. ஆகட்டும், ஆகட்டும், ஆகட்டும்.

"பிளாக் லோட்டஸ்," என்றார் அண்ணன். கமாண்டரில் தடை செய்யப்பட்ட கார்டு அது. அவர் டெக்கில் இருக்க வாய்ப்பே இல்லை. 70-க்கும் மேற்பட்ட கார்டுகளை ஒரே கத்தையாகத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு டிரிகர். களத்தில் நீலக் குறி பூஜ்யம், லைப்ரரியில் கார்டு பூஜ்யம். பூஜ்யம் பூஜ்யத்துக்குச் சமம். ஆட்டம் முடிந்தது.

முதல் பத்து நிமிடம் எல்லாரும் தம்பியைத்தான் திட்டினார்கள். அது முழு நியாயம் இல்லை என்பது என் கருத்து, ஆனால் அவனிடமிருந்தே தொடங்குவோம். களத்தில் இருக்கும் ஒராக்கிளும் அதன் டிரிகரும் வேறு வேறு. டிரிகர் ஸ்டாக்கில் ஏறிய நொடியிலிருந்து அது தனி ஆள். பிறப்பித்த கார்டைக் கொன்றாலும், எக்ஸைல் செய்தாலும், கைக்கே திருப்பி அனுப்பினாலும் டிரிகர் தன் பாட்டுக்கு ரிசால்வ் ஆகும். விரிவான விதிநூலில் 113.7a இதைத்தான் சொல்கிறது. பெரும்பாலான டிரிகர்களுக்கு இது தெரியாமல் போனால் சின்ன நஷ்டம். ஒராக்கிளுக்கு மட்டும் கூடுதல் விஷம், காரணம் அந்த "சமமாகவோ". கிரீச்சரைக் கொன்றால் நீலக் குறி இரண்டிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குகிறது, வாஸ்தவம். ஆனால் லைப்ரரியும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் கொன்றதில் பலன் என்ன? லைப்ரரியில் ஒன்றோ இரண்டோ கார்டு மிஞ்சியிருந்தால் தம்பி ஹீரோ ஆகியிருப்பான். கன்சல்டேஷன் ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை.

இன்னொன்றையும் மேசையில் யாரும் கவனிக்கவில்லை. தன் ஒராக்கிள் சாகும்போது அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. ஜெயிக்க வேண்டிய கார்டைக் காப்பாற்ற முயலாத ஆளைப் பார்த்தால், அந்தக் கார்டு இனி அவருக்குத் தேவையில்லை என்று படித்திருக்க வேண்டும்.

தம்பியின் அதே பிளாஸ்ட், அதே ஒரு சிவப்பு மேனா, ஒரு படி முன்னால் ஆட்டத்தையே மாற்றியிருக்கும். ஒராக்கிள் ஸ்பெல்லாக ஸ்டாக்கில் இருந்தபோது அதைக் கவுன்டர் செய்திருந்தால் அது களத்துக்கே வராது, டிரிகரும் பிறக்காது. ஏன் விட்டாய் என்று கேட்டேன். "நீலக்காரங்க ரெண்டு பேரு எனக்கு முன்னாடி உக்காந்திருக்காங்க, அவங்களே பாஸ் பண்றாங்க, நான் ஏன் என் கார்ட வீணடிக்கணும்னு நெனச்சேன்ணே," என்றான். நினைப்பு பாதி சரி. அவர்களிடம் கார்டு இருந்தது உண்மை, ஆனால் அவை கிரீச்சரைத் தொடாத கார்டுகள். கவுன்டர்ஸ்பெல் என்றால் எல்லாம் ஒரே கார்டு மாதிரி நாம் பேசுகிறோம். ஒவ்வொன்றுக்கும் தொடக்கூடிய இலக்கு வேறு.

அந்த முதல் கட்டத்தில் அவன் துணிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கார்டுகளை மறுபடி வைத்துப் பார்த்தோம். தம்பி ஒராக்கிள் மேல் பிளாஸ்ட். அண்ணன் சும்மா இருக்க மாட்டார், பிளாஸ்ட் மேல் ஃபோர்ஸ். இப்போது வாத்தியாரின் நெகேட்டுக்கு உயிர் வருகிறது. ஒராக்கிளைத் தொட முடியாத நெகேட் ஃபோர்ஸைத் தொடலாமே! அக்காவின் ஸ்வான் சாங்கும் அப்படியே. ஆக, பிளாஸ்ட்டைக் காப்பாற்ற இரண்டு கார்டு, கெடுக்க ஒன்று. ஒராக்கிள் போயிருக்கும், ஃபோர்ஸும் போயிருக்கும், அண்ணன் கையில் கன்சல்டேஷன் துணையில்லாமல் நின்றிருக்கும். தம்பி அந்த மேசையில் பிரையாரிட்டி வரிசையின் கடைசி ஆள். அவனுக்குப் பின்னால் சுவர் கிடையாது. அவன் பாஸ் என்றால் ரிசால்வ். இந்த இருக்கையில் உட்கார்ந்து "முன்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைக்க வழியே இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. அண்ணன் கேவர்ன் ஆஃப் சோல்ஸில் ஒராக்கிளின் கிரீச்சர் வகையைச் சொல்லி அந்த மேனாவால் ஆடியிருந்தால், பிளாஸ்ட் அதைக் குறிவைக்கலாம், கவுன்டர் செய்ய முடியாது. அன்று அந்த லேண்ட் களத்தில் இல்லை.

அக்காவின் விஷயம் சின்னது, ஆனால் நம் மேசைகளில் அடிக்கடி நடப்பது. ஸ்பெல்லை ஆடும்போது சொல்ல வேண்டியவை உண்டு: இலக்கு, கார்டில் எக்ஸ் என்று இருந்தால் அதன் மதிப்பு, பல விளைவுகளில் எது (மோடு). ரிசால்வ் ஆகும்போது சொல்ல வேண்டியவை வேறு. கன்சல்டேஷனின் பெயர் இரண்டாவது ரகம். ரிசால்வ் ஆக ஆரம்பித்த ஸ்பெல்லின் நடுவில் யாருக்கும் பிரையாரிட்டி கிடையாது. பெயரைக் கேட்ட பிறகு ஸ்வான் சாங் ஆட இடமே இல்லை. பெயரைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்றால் ரிசால்வ் ஆகவிடுகிறேன் என்றே அர்த்தம். அண்ணன் அதைச் சொல்லவும் செய்தார், அவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது வாத்தியாரின் கணக்கு. கன்சல்டேஷன் மேல் அவர் சொன்ன முதல் பாஸை நான் தவறென்று சொல்ல மாட்டேன். நாலு பேர் ஆட்டத்தில் வரிசையில் முதலில் இருப்பவர், பின்னால் இருப்பவர் செலவழிக்கட்டும் என்று நகர்ந்துகொள்வது பழகிய தந்திரம். இரண்டு பேர் ஆட்டத்தில் இந்த அரசியலுக்கு இடமில்லை. 2008 பிப்ரவரியில் இதே கோலாலம்பூரில் நடந்த புரோ டூர் என்ற மேஜிக் போட்டியில், லார்வின், மார்னிங்டைட் கார்டுத் தொகுப்புகளிலிருந்து அங்கேயே டெக் கட்டி ஆடும் டிராஃப்டில் ஜான் ஃபிங்கல் கோப்பையைத் தூக்கியதை எங்கள் கூட்டத்தின் மூத்தவர்கள் இன்றும் பேசுவார்கள். அங்கெல்லாம் எதிரில் ஒருவர்தான்; நீ விட்டால் விட்டதுதான். கமாண்டரில் உன் பாஸுக்குப் பிறகும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அவருடைய பிரச்சினை இரண்டாவது, மூன்றாவது பாஸில். நான் கேட்டேன்: "தம்பி பிளாஸ்ட் ஆடின பிறகு நெகேட்டை ஏன் சார் எடுக்கலை?" அவர் பதில்: "நான்தான் ஏற்கனவே பாஸ் சொல்லிட்டேனே. என் முறை போச்சே."

போகவில்லை. விதி 117.4 சொல்வது, ஆடுபவர்கள் எல்லாரும் இடையில் ஒன்றும் செய்யாமல் தொடர்ந்து பாஸ் செய்தால்தான் ஸ்டாக்கின் உச்சியில் இருப்பது ரிசால்வ் ஆகும். நடுவில் யாராவது ஒன்றை ஆடிவிட்டால் பழைய பாஸ்கள் கணக்கில் இல்லை. தம்பி பிளாஸ்ட் ஆடியதும் பிரையாரிட்டி தம்பியிடமே முதலில் இருந்தது, பிறகு அண்ணன், பிறகு வாத்தியார், பிறகு அக்கா. வாத்தியாருக்கு இரண்டாவது வாய்ப்பு. அதோடு தீரவும் இல்லை. பிளாஸ்ட் ரிசால்வ் ஆனதும் ஸ்டாக் தானாகச் சரிந்துகொண்டே போகாது. ஒன்று ரிசால்வ் ஆனதும் டர்ன் யாருடையதோ அவருக்குப் பிரையாரிட்டி திரும்புகிறது, அவரிடமிருந்து மறுபடி ஒரு சுற்று. "ரிசால்வ் ஆகட்டுமா?" என்று அண்ணன் கேட்டாரே, அது மரியாதைக்குக் கேட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். விதி கட்டாயப்படுத்தும் கேள்வி அது. வாத்தியாருக்கு மூன்றாவது வாய்ப்பு, அக்காவுக்கும்தான்.

தோண்டிப் பார்த்ததில் அவர் சொன்னதற்கு ஒரு பூர்வீகம் இருந்தது. அவர் ஆடக் கற்றுக்கொண்ட காலத்தில் அவர் சொன்னது ஏறக்குறைய சரி! 1993-இல் ஆட்டம் வந்தபோது கவுன்டர்ஸ்பெல் கார்டு இன்ஸ்டன்ட் கிடையாது. இன்டரப்ட் என்று தனி வகை. ஒரு ஸ்பெல்லை ஆடும் அந்தத் தருணத்திலேயே இன்டரப்டைப் போட்டாக வேண்டும், அந்தக் கதவு மூடினால் மூடியதுதான். மற்ற ஸ்பெல்கள் ஒரு தொகுதியாகச் சேரும். தொகுதி ரிசால்வ் ஆகத் தொடங்கிவிட்டால் முழுதும் முடியும்வரை நடுவில் யாரும் மூச்சு விட முடியாது. 1999-இல் ஆறாம் பதிப்பு வந்துதான் இன்டரப்டை எடுத்துவிட்டு, ஸ்டாக்கைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பிரையாரிட்டி கொடுத்தது. வாத்தியார் அதற்கு முன்பே கார்டை மூட்டை கட்டியவர். திரும்பி வந்தபோது புதுக் கார்டுகளைப் படித்தார், கமாண்டர் விதிகளைப் படித்தார். பாஸ் என்ற சொல்லுக்குப் பழைய பொருளையே வைத்துக்கொண்டு ஆடினார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் இப்படி நினைத்திருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள். பழைய ஆள் தயங்காமல் பாஸ் சொன்னால் அதில் ஏதோ திட்டம் இருக்கும் என்று மற்றவர்கள் நம்பிவிடுகிறார்கள். அக்காவும் அன்று அப்படித்தான் நம்பினார்.

போட்டி விதிகளில் இருக்கும் ஒரு சுருக்குவழியும் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. ஸ்டாக்கில் எதையாவது ஏற்றினால், பிரையாரிட்டியைப் பிடித்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லாதவரை, விட்டுவிட்டதாகவே கொள்வார்கள். நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல ஏற்பாடுதான். அதனாலேயே அண்ணன் "டிரிகர் ஸ்டாக்ல இருக்கு, அதுக்கு மேல" என்று அழுத்திச் சொன்னார். வாய் பேசாமல் டிரிகரை ரிசால்வ் ஆகவிட்டிருந்தால், லைப்ரரியில் 70-க்கும் மேல் கார்டு இருக்க, நீலக் குறி இரண்டை வைத்துக்கொண்டு ஜெயித்திருக்க முடியாது. சுருக்குவழியில் பழகிய காதுக்குப் பிரையாரிட்டி என்பதே கேட்காமல் போய்விடுகிறது, அது ஒவ்வொரு முறையும் கைமாறுகிறது என்பதும் மறந்துபோகிறது.

கன்சல்டேஷன் ரிசால்வ் ஆன பிறகும் ஒரு கடைசி இடைவெளி இருந்தது என்பதைத் தம்பியால் நம்ப முடியவில்லை. லைப்ரரி காலி, டிரிகர் மட்டும் ஸ்டாக்கில். காலி லைப்ரரி தன்னளவில் யாரையும் தோற்கடிக்காது. காலி லைப்ரரியிலிருந்து கார்டு எடுக்க நேர்ந்தால்தான் தோல்வி. ஆகவே ஸ்டைஃபிள் மாதிரி டிரிகரையே கவுன்டர் செய்யும் கார்டு இருந்தால், அண்ணன் தன் அடுத்த டர்னில் கார்டு எடுக்கும்போது தோற்பார். அதைவிட வேடிக்கை, விஷன் ஸ்கீன்ஸ் என்ற இரண்டு மேனா இன்ஸ்டன்ட்: எல்லாரும் ஆளுக்கு இரண்டு கார்டு எடுக்க வேண்டும். டிரிகருக்கு மேல் அதைப் போட்டால் அண்ணன் இல்லாத கார்டை எடுக்கப் போய், டிரிகர் ரிசால்வ் ஆவதற்கு முன்பே ஆட்டத்தைவிட்டு வெளியேறுவார். அன்று யாரிடமும் இரண்டும் இல்லை. நெகேட்டும் ஸ்வான் சாங்கும் அந்தக் கட்டத்தில் வெறும் காகிதம், ஏனென்றால் டிரிகர் ஸ்பெல் அல்ல. ஸ்பெல்லைக் கவுன்டர் செய் என்று எழுதிய கார்டு, டிரிகர் மாதிரியான எபிலிட்டியைத் தொடாது.

கடைசியாக மூன்றாவது வாய்ப்பை ஆடிப் பார்த்தோம், கீழே மாமாக் உணவுக் கடையில், தே தாரிக் தேநீர்க் கிளாஸ்களைத் தள்ளிவைத்துவிட்டு. ஒராக்கிள் ஏற்கனவே செத்துவிட்டது. ஸ்டாக்கில் கன்சல்டேஷன், அடியில் டிரிகர். வாத்தியார் கன்சல்டேஷன் மேல் நெகேட். அக்கா, தம்பி பாஸ். அண்ணன் ஒரு உயிர்ப்புள்ளியும் ஒரு நீலக் கார்டும் கொடுத்து நெகேட் மேல் ஃபோர்ஸ். பிரையாரிட்டி அண்ணனிடமிருந்து வாத்தியார் வழியாக அக்காவுக்கு. ஃபோர்ஸ் இன்ஸ்டன்ட் என்பதால் ஸ்வான் சாங் அதைத் தொடும். எல்லாரும் பாஸ், ஸ்வான் சாங் ரிசால்வ் ஆகி ஃபோர்ஸ் போனது, அண்ணனுக்கு ஒரு பறவை. மறுபடி எல்லாரும் பாஸ், நெகேட் ரிசால்வ் ஆகி கன்சல்டேஷன் போனது.

"டிரிகர் அப்புறம் என்ன ஆவும்?" என்றார் வாத்தியார்.

"அதுவும் ரிசால்வ் ஆகும் சார். நீலக் குறி பூஜ்யம், லைப்ரரியில 70-க்கு மேல. ஒண்ணும் நடக்காது."

"அப்ப அவரு கையில?"

அண்ணன் விரித்துக் காட்டினார். ஒரு ஸ்வாம்ப், கறுப்பு மேனா தரும் லேண்ட். களத்தில் அந்தப் பறவை. அடுத்த டர்ன் வாத்தியாருடையது, அவருக்கு ஆறு லேண்ட்.